ஏற்றத்தில் திணறும் வெஸ்பாவும் ஒரு பொட்டலம் ஜெட்டும்

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் பற்றியவைதான். அதனால் மற்ற வண்டிக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: என்னிடம் இருப்பது வெஸ்பா பிஎக்ஸ் 150. 177 சிசி ஆக்கும் பெரிய சிலிண்டர் கிட் போட்டு, பெரிய 24/24 காபரேட்டரும் எக்ஸ்பான்ஷன் சைலன்சரும் மாட்டியிருக்கிறேன். மெயின் ஜெட் (காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் துவாரம்) 125. கொட்டகலைப் பக்கம் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் பிய்த்துக்கொண்டு போகிறது, நாலாவது போட்ட உடனே செத்துவிடுகிறது. கராஜ் பாஸ் 130 ஜெட் போடச் சொல்கிறார், நண்பன் 115 போடச் சொல்கிறான். யார் சொல்வது சரி? – ஹட்டன் வாசகர்

பதில்: ரெண்டு பேருமே ஜெட்டைப் பிடித்துத் தொங்குகிறார்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மூன்றாவது கியரில் முழுசாக முறுக்கினால் வண்டி சுத்தமாக இழுக்கிறது என்றால் மெயின் ஜெட் கிட்டத்தட்ட சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஜெட் பெரிதாகப் பிழைத்திருந்தால் மூன்றாவதிலும் அது தெரிந்திருக்கும். இங்கே சண்டை சைலன்சருக்கும் கியருக்கும்.

எக்ஸ்பான்ஷன் சைலன்சருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கிவிடும். எக்ஸாஸ்ட் துவாரம் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரிந்துகொண்டே போகும் பகுதியில் அது திரும்பி உறிஞ்சும் அலையாக வந்து, எரிந்த புகையையும் கூடவே கொஞ்சம் புதுக் கலவையையும் சிலிண்டரிலிருந்து வெளியே இழுக்கிறது. பிறகு குழாய் குறுகும் பகுதியில் மோதி இன்னொரு அலை திரும்பி வருகிறது, இது தள்ளும் அலை. வெளியே தப்பிய கலவையை, துவாரம் மூடுவதற்குச் சற்று முன்னால், மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறது. இதுதான் அந்தச் சைலன்சரின் வித்தை முழுவதும். ஆனால் குழாயின் நீளம் மாறாது, அலையின் வேகமும் பெரிதாக மாறாது, ஆகவே அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட வேகச் சுற்றில் மட்டும்தான். அந்த எல்லைக்குள் எஞ்சின் பேய் மாதிரி இழுக்கும், எல்லைக்குக் கீழே வந்தால் அதே அலை தப்பான நேரத்தில் வந்து வேலையைக் கெடுக்கும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்கிற பொறியியலாளர் 1950களில் இதைப் பந்தய வண்டிகளில் செம்மைப்படுத்தினார். அந்த வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் அங்கிருந்து தப்பி சுசுகியில் போய்ச் சேர்ந்தார், வித்தையும் கூடவே ஜப்பானுக்குப் போனது. அது வேறு கதை. ஆனால் இந்தக் குழாய் பந்தயத் தெருவுக்காகப் பிறந்தது, பின்னால் ஒரு ஆளையும் ஒரு மூட்டை மரக்கறியையும் வைத்துக்கொண்டு தலவாக்கலைக்கு ஏறுவதற்கு இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது கியர். பிஎக்ஸில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் பெரிய இடைவெளி. கியர் மாற்றினால் எஞ்சின் சுற்று ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும். சமதரையில் பரவாயில்லை, வண்டி தானாகவே மறுபடி எழுந்துவிடும். ஏற்றத்தில் அப்படி எழுவதற்குத் தெம்பு வேண்டும், அந்தத் தெம்புதான் உங்கள் சைலன்சரில் எல்லைக்குக் கீழே கிடையாது. அதிலும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையில் போகிறவராக இருந்தால் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். குழாய் நனைந்து குளிர்ந்தால் உள்ளே புகையும் குளிர்கிறது, அலை மெதுவாகிறது, இழுவை வரும் இடம் கொஞ்சம் கீழே நகர்கிறது. அதனால்தான் சில நாள் மழையில் வண்டி ஏற்றத்துக்கு நல்லாக இருப்பது மாதிரித் தோன்றும், மேலே சுற்றும்போது சோர்ந்துவிடும். ஜெட்டில் பிழை இல்லை.

என்ன செய்யலாம்? எனக்கென்றால் அந்தச் சைலன்சரை விற்றுவிட்டு, ஒரிஜினல் போலவே பெட்டி வடிவத்தில் வருகிற, உள்ளே மட்டும் மாற்றிச் செய்த சைலன்சர் ஒன்றை வாங்குவேன். உச்சத்தில் கொஞ்சம் சக்தி குறையும், நடுவில் இழுவை கூடும். மலையில் நடுவில்தான் நாம் வாழ்கிறோம். இல்லை, எக்ஸ்பான்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நாலாவது கியரைக் கொஞ்சம் குட்டையாக்கும் 36 பல் சக்கரம் கிடைக்கிறது. எஞ்சினைப் பிரிக்கவேண்டும், ஆனால் அந்த இடைவெளி குறையும்.

சைலன்சரை மாற்றினால் ஜெட்டைத் திரும்பப் பார்க்கவேண்டும். ரெண்டும் ஒரே வேலை, தனித்தனியாகச் செய்ய முடியாது. சைலன்சர் நன்றாக உறிஞ்சும் இடத்தில் எஞ்சினுக்குள் காற்று கூடப் போகிறது, பெற்றோலும் அங்கே கூட வேண்டும். இப்படிச் செய்யுங்கள்: முதலில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதிப்படுத்துங்கள், காபரேட்டர் அடிக் கேஸ்கெட்டிலும் சைலன்சர் சிலிண்டரோடு சேரும் இடத்திலும். ரேஸ் பண்ணிவிட்டு விட்டதும் ஐடில் சட்டென்று இறங்காமல் மேலேயே தொங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. மேக்னட் பக்கத்து சீல் போயிருந்தாலும் இதேதான். கசிவோடு ஜெட் மாற்றிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் மாற்றிக்கொண்டேயிருக்கலாம். அடுத்தது பெற்றோல் வரத்து. டாங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருந்தால், அல்லது பழைய பெற்றோல் டாப் 24 காபரேட்டரின் பசிக்கு ஈடுகொடுக்காவிட்டால், ஏற்றத்தில் ஒரு நிமிடம் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு வண்டி சோரும். அது ஜெட் சின்னது மாதிரியே இருக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை ரெண்டும் சரி என்றால்தான் ஜெட். வேண்டுமென்றே பெரியதில் தொடங்குங்கள், முழுசாக முறுக்கும்போது எஞ்சின் படபடவென்று நாலு ஸ்ட்ரோக் மாதிரி அடிக்கிற அளவுக்கு. பிறகு ரெண்டு ரெண்டு நம்பராகக் குறைத்து, ஏற்றத்தில் முழு முறுக்கில் சுத்தமாக இழுக்கும் இடத்தைப் பிடியுங்கள். பிடித்ததும் ஒரு படி பெரியதைப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி கூடுதலாக இழுத்தால் பெற்றோல் போதவில்லை, திணறினால் பெற்றோல் போதுமானது அல்லது கூட. வெஸ்பாவில் வரும் எஸ்ஐ ரகக் காபரேட்டரில் நடு முறுக்கில் பெற்றோலை அளக்கும் ஊசி கிடையாது, ஆகவே கால்வாசி முறுக்குக்கு மேலே மெயின் ஜெட்டும், அது மாட்டியிருக்கும், பெற்றோலோடு காற்றைக் கலக்கும் எமல்ஷன் குழாயும், அதன் தலையிலிருக்கும் காற்று ஜெட்டும்தான் எல்லாம். 160 காற்று ஜெட், பிஇ3 குழாய், இந்த ரெண்டையும் தொடாதீர்கள். மெயின் ஜெட்டை மட்டும் மாற்றுங்கள்.

இன்னொன்று. 177 கிட் என்றால் 57 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கில் 63 மில்லிமீற்றர் போர், சூடு கூட. பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவதாக, என்ஜிகே பி7எச்எஸ் இருந்தால் பி8எச்எஸ் ஆக மாற்றுங்கள்.

கேள்வி: கொழும்பில் ஒருவரிடம் வாங்கிய பிஎக்ஸ் 150. ஒரிஜினல் எஞ்சின், 20/20 காபரேட்டர், மெயின் ஜெட் 102. அங்கே பஞ்சாகப் பறந்த வண்டி இங்கே வந்ததும் புகைக்கிறது, பிளக் கரியாகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? – நுவரெலியா வாசகர்

பதில்: யாரும் ஏமாற்றவில்லை, உங்கள் ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அதுதான். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் சிறிது ஈடாகும், முடிவில் எஞ்சினுக்குள் போகும் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். காற்று குறைகிற அளவுக்குப் பெற்றோலும் தானாகக் குறைந்தால் பிரச்சினையே இல்லை. குறைவதில்லை, காபரேட்டரில் அது ஏறத்தாழப் பாதியளவுதான் குறைகிறது. மீதிதான் உங்கள் புகையும் கரியும்.

கணக்கு சுலபம். கலவையில் பெற்றோல் சுமார் பத்து வீதம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காபரேட்டரைச் செய்யும் டெலோர்ட்டோ கம்பெனியின் ஜெட் நம்பர் அதன் துவாரத்தின் விட்டம், 102 என்றால் 1.02 மில்லிமீற்றர். பெற்றோல் ஓட்டம் விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது, எனவே பத்து வீதம் குறைக்க விட்டத்தில் ஐந்து வீதம் குறைத்தால் போதும். 102க்குப் பதில் 97 அல்லது 98. ஹட்டன் 1270 மீற்றர் அளவு, அங்கே மூன்று நம்பர் குறைத்தால் போதும். கண்டி 500 மீற்றர்தான், அங்கே ஒன்று குறைத்தாலும் ஒன்றுதான் குறைக்காவிட்டாலும் ஒன்றுதான். இந்த நம்பர்களை மிகூனி காபரேட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். அவர்களுடைய அறுகோணத் தலை ஜெட்டின் நம்பர் பெற்றோல் ஓடும் அளவைக் குறிக்கிறது, விட்டத்தை இல்லை. அங்கே 100 என்பது இங்கே 100 ஆகாது.

ஜெட் மாற்றினால் புகை போகும், பிளக் பிழைக்கும், வண்டி சுத்தமாக ஓடும். ஆனால் கொழும்பில் இருந்த இழுவை வராது. காற்றே ஆறில் ஒரு பங்கு இல்லாதபோது சக்தியும் அந்த அளவுக்கு இல்லை, எந்த ஜெட்டும் அதைத் திருப்பிக் கொடுக்காது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, கராஜ் கராஜாக அலைகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். ஜெட்டைக் குறைத்த வண்டியோடு கீழே இறங்கிப் போய் கம்பளையிலோ கண்டியிலோ முழுசாக முறுக்கி ஓட்டினால் காற்று அடர்ந்து பெற்றோல் போதாமல் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் பிடிக்கும். மேலே போகிறவனுக்குக் கரி, கீழே போகிறவனுக்குப் பிஸ்டன். ஆகவே நுவரெலியாவை விட்டு இறங்காத வண்டி என்றால் 97 போடுங்கள். அடிக்கடி கண்டிக்குப் போகிற வண்டி என்றால் 100க்குக் கீழே போகாதீர்கள், மேலே கொஞ்சம் புகைத்தாலும் சகித்துக்கொள்ளுங்கள். கொழும்பு வரை போவதானால் பழைய 102ஐ ஒரு சின்னப் பொட்டலத்தில் கட்டிப் பெட்டிக்குள் வைத்திருங்கள். எஸ்ஐ காபரேட்டரின் பெரிய வசதியே இது: பக்கத்து மூடியைத் திறந்து, பில்டரைக் கழற்றினால் ஜெட் மேலேயே நிற்கிறது, ஒரு தட்டை ஸ்குரூ டிரைவர் போதும், ரோட்டோரத்தில் நின்றே மாற்றலாம். ஜெட் கைதவறிப் புல்லுக்குள் விழாமல் கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காபரேட்டர் பக்கத்து ஸ்குரூவை வெளியே திருப்பினால் பெற்றோல் கூடுமா குறையுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். – பதுளை வாசகர்

பதில்: ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் ஆளுக்கொரு காபரேட்டர் வைத்திருப்பது. ஸ்குரூ ஏர் பில்டர் பக்கத்தில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் காற்று கூடிக் கலவை மெலியும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். வெஸ்பா எஸ்ஐ ரெண்டாவது ரகம். எதுவானாலும் எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஐடில் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தை ஸ்குரூவில் தேடுங்கள், பிறகு ஐடில் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும் மாற்றமே இல்லை என்றால் ஐடில் ஜெட் அளவு தப்பு அல்லது அடைப்பு.

கேள்வி: நண்பன் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கி வரும்போது, புசல்லாவை தாண்டி ஒரு நேரான இடத்தில் முறுக்கியதும் பின் சக்கரம் பிடித்துக்கொண்டு இழுத்துவிட்டது, தப்பியது பெரிய புண்ணியம். ஏற்றத்தில் எத்தனையோ தடவை ஏறிய வண்டி, இறக்கத்தில் ஏன் பிடித்தது? – கம்பளை வாசகர்

பதில்: இதை எழுதி அனுப்பியதற்கு நன்றி, இறக்கத்தில் எஞ்சினுக்கு ஓய்வு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெய் போவது பெற்றோலோடுதான். நீண்ட இறக்கத்தில் எக்ஸலேட்டரை முழுவதும் மூடிவிட்டு, இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிரேக்காகப் பிடித்துக்கொண்டு வந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே போவது ஐடில் அளவுப் பெற்றோல்தான், அதோடு ஐடில் அளவு எண்ணெய்தான். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் வரவரக் காய்கிறது. அந்த நேரம் நேரான ரோட்டைக் கண்டதும் முழுசாக முறுக்கினால் ஒரே அடியில் சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து, பிடிக்கிறது. நண்பனின் வண்டி நுவரெலியாவுக்கு ஜெட் குறைத்த வண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம், உயரம் இறங்க இறங்கக் கலவை மெலிந்துகொண்டே வந்திருக்கும்.

அதற்காகக் கிளச்சைப் பிடித்துக்கொண்டு நியூட்ரல் மாதிரி இறங்காதீர்கள். பிஎக்ஸின் டிரம் பிரேக் லபுக்கலையிலிருந்து கம்பளை வரை தனியாகத் தாங்காது, சூடேறி வழுக்கத் தொடங்கும். கியரிலேயே இறங்குங்கள், ஆனால் வளைவுக்கு வளைவு கிளச்சைப் பிடித்து எக்ஸலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள், உள்ளே கொஞ்சம் பெற்றோலும் எண்ணெயும் போகட்டும். பழைய வெஸ்பாக்காரர்கள் இறக்கத்தில் சோக்கை இழுத்துவிட்டு இறங்குவார்கள், அதுவும் நல்ல பழக்கம்தான், கீழே வந்ததும் தள்ளிவிட மறக்கக்கூடாது. எண்ணெய்ப் பம்ப் உள்ள வண்டியிலும் இதேதான், அந்தப் பம்பும் எக்ஸலேட்டரைப் பார்த்துத்தான் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிறது. இடது கையில் ரெண்டு விரல் எப்போதும் கிளச்சின் மேல் இருக்கட்டும். எஞ்சின் சத்தம் திடீரென்று இறுகினால், வண்டி பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் தளர்ந்தால், யோசிக்காமல் கிளச்சைப் பிடியுங்கள்.

பிடித்த எஞ்சினைச் சூட்டோடு கிக் அடிக்கவேண்டாம், நன்றாக ஆறட்டும். சில வேளை ஆறியதும் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டு திரியாமல் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பாருங்கள். வார்ப்பிரும்புச் சிலிண்டரில் அலுமினியம் ஒட்டியிருந்தால் கவனமாகச் சுரண்டி எடுத்துவிடலாம், ரிங் இறுகிப்போயிருந்தால் மாற்றவேண்டும், சிலிண்டரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் போர் அடிக்கவேண்டும்.

கேள்வி: ஒரிஜினல் சைலன்சரின் பின் குழாயை வெட்டி, உள்ளே இருக்கும் தகடுகளையும் எடுத்துவிட்டால் வண்டி கூட ஓடும் என்கிறார்களே? – பண்டாரவளை வாசகர்

பதில்: கூடச் சத்தம் போடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சருக்குள் இருக்கும் ஒவ்வொரு தகடும் துவாரமும் அலையைத் திருப்பி அனுப்பும் கணக்கோடுதான் இருக்கிறது. அதை வெறும் குழாயாக்கினால் புதுக் கலவை திரும்பி வராமல் புகையோடு வெளியே போகிறது, கீழ் இழுவை போகிறது, பெற்றோல் செலவு கூடுகிறது, காது இரைகிறது, வண்டி பறப்பதுபோல் ஒரு பிரமையும் வருகிறது. இரவு ஒன்பது மணிக்கு லயத்து வாசலில் அந்தச் சத்தத்தோடு வந்து நிற்கும் தம்பிமாரைத் தெரியும், அவர்களைப் பற்றி அடுத்த வீட்டுக் குழந்தைகளின் தாய்மார் சொல்வதை இங்கே எழுத முடியாது. பொலிஸ் பிடித்தால் சைலன்சரும் போகும், தண்டமும் கட்டவேண்டும். வெட்டாதீர்கள்.

கேள்வி: எஞ்சினுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) எண்ணெய் ஊற்றுகிறேன். புகைப் பரிசோதனையில் வண்டி தேறவில்லை. 20 ஊற்றினால் எஞ்சின் தேயாதா? – நாவலப்பிட்டி வாசகர்

பதில்: தேயாது. இரண்டு வீதம், அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், இந்த எஞ்சின்களுக்கு அதுதான் அளவு. 5 லீற்றருக்கு 100. நல்ல 2டி எண்ணெயாக வாங்குங்கள், டப்பாவில் ஜாசோ என்கிற ஜப்பான் தரக் குறி, எப்சி அல்லது எப்டி என்று போட்டிருக்கும். அளந்து ஊற்றுங்கள், கண் மட்டத்தில் ஊற்றுவது பழைய த்ரீவீலர் காலத்துப் பழக்கம்.

எண்ணெய் கூடினால் பாதுகாப்பு கூடும் என்பது பாதி உண்மைதான். ஜெட் வழியாக ஓடுவதில் எண்ணெயின் பங்கு கூடும்போது பெற்றோலின் பங்கு குறைகிறது. எண்ணெயை இரட்டிப்பாக்கிவிட்டு ஜெட்டை அப்படியே விட்டால் எஞ்சினுக்குக் கிடைக்கும் பெற்றோல் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. மீதி எண்ணெய் பிளக்கையும் சைலன்சரையும் அடைக்கிறது.

20க்குக் குறைத்த பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் வேறு இடத்தில் தேடுங்கள். கிளச் பக்கத்து சீல் போனால் எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். புகையின் மணமே வேறாக இருக்கும், கியர் எண்ணெய் மட்டமும் இறங்கும். பிஎக்ஸுக்கு உள்ளே போவதே 250 மில்லிலீற்றர்தான், அதில் பாதி காணாமல் போனால் கியர் பெட்டியும் சேர்ந்து போகும்.

பரிசோதனைக்குப் போகும்போது எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் ஐடிலில் வைத்துத்தான் புகையை அளக்கிறார்கள், ஆகவே மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலை இல்லை. ஐடில் ஜெட், கலவை ஸ்குரூ, சுத்தமான பில்டர், புதுப் பிளக், இவை போதும். பரிசோதனைக்காகக் கலவையை அளவுக்கு மீறி மெலியவைத்துவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.

கேள்வி: கியர் இல்லாத பழைய ஜப்பான் 50 சிசி ஸ்கூட்டர். ஸ்போர்ட்ஸ் சைலன்சர் போட்ட பிறகு சமதரையிலும் முன்பைவிட மந்தம். ஜெட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். – வெலிமடை வாசகர்

பதில்: ரோலரை, அதாவது பெல்ட் ஓடும் முன் கப்பிக்குள் இருக்கும் எடைகளை, மாற்றினீர்களா? புதுச் சைலன்சர் மேல் சுற்றில்தான் இழுக்கும், ஆனால் பழைய ரோலரின் கனம் எஞ்சினை அந்தச் சுற்றுக்குப் போகவிடாமல் பெல்ட்டை முன்கூட்டியே உயர்ந்த கியருக்குத் தள்ளிவிடுகிறது. ரோலர் ஒவ்வொன்றிலும் அரை கிராம், ஒரு கிராம் என்று குறைத்து, ஏற்றத்தில் எஞ்சின் நல்ல இழுவையிலேயே நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மிகவும் குறைத்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி போகாது. ரோலர் அமைந்த பிறகு ஜெட்டைத் திரும்பப் பாருங்கள், இப்போது போட்டிருப்பது பெரும்பாலும் கூடத்தான்.

கேள்வி: அப்பாவின் பழைய பஜாஜ் சேட்டக், இரண்டு ஸ்ட்ரோக். ஒன்றும் மாற்றியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து இப்போது மஸ்கெலியா ஏற்றத்தில் முதல் கியர் கேட்கிறது. பெரிய காபரேட்டர் போட்டால் சரியாகுமா? – மஸ்கெலியா வாசகர்

பதில்: 145 சிசி சேட்டக்குக்குப் பெரிய காபரேட்டர் வேண்டாம், பாவம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்கிறீர்களே, அதுதான் துப்பு. ஜெட் பிழைத்தால் ஒரு நாளில் தெரியும், சைலன்சர் கரி பிடித்தால் வருடக்கணக்கில் தெரியும். சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பின் குழாயில் கையை வைத்து மறுபக்கம் ஊதிப் பாருங்கள், அல்லது வேறொருவரின் நல்ல சைலன்சரை அரை மணி நேரம் இரவல் வாங்கி மாட்டி ஏறிப் பாருங்கள். இரண்டாவது வழிதான் சந்தேகமில்லாதது.

அடைப்பு என்றால் சுத்தம் பண்ணலாம். சிலர் நெருப்பில் போட்டு எரிக்கிறார்கள், கரி போகும், தகடும் மெலிந்து பெயின்டும் போய் அடுத்த மழைக்குத் துருவாகும், நச்சுப் புகை வேறு. காஸ்டிக் சோடாக் கரைசலை உள்ளே ஊற்றி ஒரு நாள் ஊறவைப்பது நல்லது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியத்தை அது தின்றுவிடும், அதனால் சைலன்சரைத் தனியாகக் கழற்றித்தான் செய்யவேண்டும், வண்டியில் வைத்துக்கொண்டு ஊற்றவே கூடாது. அந்தத் தண்ணீரைக் கானிலோ தேயிலைக்குள்ளோ ஊற்றாதீர்கள். நன்றாக அலசிக் காயவைத்து மாட்டுங்கள்.

அப்படியே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துவாரத்தையும் பாருங்கள், அங்கேயும் கரி வளையமாகப் படிந்திருக்கும். பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து துவாரம் முழுசாகத் திறந்திருக்கும்போது ஒரு மரக் குச்சியால் சுரண்டுங்கள், இரும்பால் வேண்டாம், உதிர்ந்த கரியை ஊதி வெளியே எடுங்கள். இவ்வளவும் செய்து மாட்டிய பிறகு வண்டி சுதந்திரமாக மூச்சுவிடும், காற்றும் முன்பைவிடக் கூடப் போகும். அதனால் ஒரு ஏற்றம் முழு முறுக்கில் ஏறிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சாக்லேட் நிறத்தில் இருந்தால் ஜெட்டைத் தொடவேண்டாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் ரெண்டு நம்பர் பெரியது போடுங்கள்.